போட்டோ நம்பரைக் குறிக்காமல் ஊர் திரும்பினேன்

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் மலை சரிந்த மூன்றாம் நாள், திருமங்கலத்திலிருந்து ஒரு பெண் எனக்கு போன் செய்தாள். முன்பின் பழக்கமில்லை. அவளுடைய அக்காவும் மாமாவும் முண்டக்கைப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள், இரண்டு பேர் போனும் அடிக்கவே இல்லையாம். "செல்லூர் டெய்லர் அக்காகிட்ட கேளு, அவங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு சொன்னாங்கக்கா" என்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுத் தெரிந்தது. அவளோடு அரை மணி நேரம் பேசினேன். 2004 டிசம்பரில், சுனாமியில் போன என் வீட்டு ஆட்களைத் தேடிக் கிளம்பியபோது, யாராவது ஒருத்தர் எனக்கு இந்த அரை மணி நேரத்தைக் கொடுத்திருந்தால், பதினான்கு மாத அலைச்சலும் 17,000 ரூபாயும் மிஞ்சியிருக்கும். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பாளா என்றிருந்தபோது, என் மாமியார் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. மதுரைப் பக்கம் மாதாவுக்கு நேர்ந்துகொள்ள அது ஒரு தடையே இல்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவிலிருந்து பதினாலு பேர் வேன் பேசிக் கிளம்பினார்கள். கிளம்புகிற அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். நான் அவளோடு வீட்டில் இருந்துகொண்டேன், அத்தையும் எங்கள் வீட்டுக்காரரும் போனார்கள். அவர் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை எட்டேகாலுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? அம்மா கடல்ல ஒரு முங்கு முங்கணும்ங்குது. குளிச்சுட்டுப் பத்து மணிக்குக் கிளம்பிருவோம்." நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது, வரும்போது மெழுகுவர்த்தி வாங்கிட்டு வாங்க என்பது.

இதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது நான் ரொம்ப நாள் தூங்கவில்லை. அவர் என்னோடு பேசும்போதே அது நடந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அன்று காலை ஆறரை மணிக்கே சுமத்ரா தீவுக்கு மேற்கே, கடலுக்கடியில் 9.1 அளவில் பூமி குலுங்கியிருக்கிறது. 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்குக் கடல் தரை பிளந்து தூக்கியதில், தண்ணீர் விமான வேகத்தில் நம் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஆழ்கடலில் அந்த அலை கண்ணுக்கே தெரியாதாம், கரையை நெருங்க நெருங்கத்தான் வேகம் குறைந்து உயரம் கூடுமாம். வேளாங்கண்ணி மணலில் நின்ற ஒருத்தருக்கும் தெரியாது. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை ஏற்பாடு எதுவுமே இல்லை. ஹைதராபாத்தில் அதற்கான மையம் வந்தது 2007-இல்.

பதினொரு மணி சுமாருக்கு எதிர்வீட்டு அம்மா டி.வி.யைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "கடல் ஊருக்குள்ள வந்துருச்சாம்!" சுனாமி என்ற சொல்லை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். நாகப்பட்டினத்துக்கு ஒரு லைனும் கிடைக்கவில்லை. பாப்பாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, கையில் இருந்த 1,800 ரூபாயோடு மாட்டுத்தாவணியில் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். கூட யாரும் இல்லை. என் தம்பி திருப்பூரில் இருந்தான். "நான் வர்ற வரைக்கும் இரு" என்றான், என்னால் இருக்க முடியவில்லை. இங்கேயே முதல் தப்பு. அவசரத்தில் அவருடைய போட்டோ ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை. கல்யாண ஆல்பம் பீரோவுக்குள் இருந்தது. தேடிப் போகிறவர்கள் சோற்றை மறந்தாலும் போட்டோவை மறக்கக்கூடாது. சிரிக்கும்போது பல் தெரிகிற மாதிரி ஒன்று, நின்றபடி முழு உருவம் தெரிகிற மாதிரி ஒன்று, இரண்டும் வேண்டும். முகம் உப்பிவிட்டால் பல் வரிசைதான் அடையாளம்.

தஞ்சாவூருக்கு அப்பால் பஸ் போகவில்லை. நாலு பேர் சேர்ந்து கார் பிடித்துத் திருவாரூர் வழியாக விடியற்காலை நாகை போய்ச் சேர்ந்தோம். நான் பார்த்ததை எல்லாம் எழுதப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் வராந்தா, வாசல், மரத்தடி என்று எங்கும் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு துணியையும் விலக்கிப் பார்க்கும்போது "இது அவர் இல்லை" என்று எனக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த உடலுக்குப் பக்கத்திலேயே அதன் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அந்த நிம்மதிக்காக நான் பல வருஷம் வெட்கப்பட்டேன். தேடிப் போன எல்லாருக்கும் அது வருகிறது என்று பிறகு தெரிந்தது. உங்களுக்கும் வந்தால் அதைப் பாவமென்று நினைக்காதீர்கள்.

அத்தையைத் திங்கள் மதியம் கண்டுபிடித்தேன். அவர் உசிலம்பட்டிப் பக்கம், தண்டட்டி போட்டு வளர்த்த காது. தண்டட்டியை எப்போதோ விற்றாயிற்று, காது மட்டும் தோளைத் தொடுகிற மாதிரி தொங்கும். வாசலில் நின்ற ஊழியரிடம் காதைப் பற்றிச் சொன்னதும் "மேலூர், உசிலம்பட்டி ஆளுங்களா? வாங்கம்மா" என்று நேரே கூட்டிப்போனார். கையைத் திருப்பிப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய தேள். சந்தேகமே இல்லை. ஆனால் என் வீட்டுக்காரருக்கு என்ன அடையாளம் என்று கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. கையில் ஒரு தழும்பு உண்டு. வலது கையா, இடது கையா? ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது வாயில் வரவில்லை. இன்றைக்கே உங்கள் வீட்டு ஆட்களைப் பார்த்து எழுதி வையுங்கள். தழும்பு எந்தப் பக்கம், மச்சம் எங்கே, எந்தப் பல் அடைத்தது, எந்த விரல் வளைந்தது. பதற்றத்தில் மூளை வேலை செய்யாது, எழுதி வைத்த காகிதம் வேலை செய்யும்.

உடலை மதுரைக்குக் கொண்டுவர ஒரு வண்டிக்காரர் 9,000 கேட்டார். என்னிடம் இருந்தது எழுநூறு சொச்சம். அங்கேயே அடக்கம் செய்ய ஒத்துக்கொண்டேன். நாகூரிலிருந்து வந்திருந்த ஜமாத் இளைஞர்கள்தான் தூக்கினார்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, யார் எவர் என்று பார்க்காமல், பெற்ற பிள்ளைகள் மாதிரி செய்தார்கள். அதில் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, சீட்டு வாங்கிட்டீங்களா? சீட்டு இல்லாமப் போயிராதீங்க" என்றான். அப்போது அது எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னதற்காகப் போய் வரிசையில் நின்று, பேர், வயது, ஊர், அடையாளம் காட்டியவர் யார் என்று எழுதி முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்தச் சீட்டால்தான் அத்தைக்கு ஆறே வாரத்தில் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் விஷயத்தில் அப்படிச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் உடல்கள் வைத்திருக்கிற நிலையில் இல்லை. போட்டோ எடுத்துவிட்டுப் பெரிய குழிகளில் அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். அப்படி எடுத்த போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு, ஓரத்தில் நம்பர் எழுதி, ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். முகங்களை வைத்து ஒன்றும் தெரியாது. நான் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் துணியைப் பார்க்க ஆரம்பித்தேன், கை பழகிய தொழில். மூன்றாவது வரிசையில் ஒரு படத்தில் கழுத்தும் நெஞ்சும் பாதி தெரிந்தது. வெள்ளையில் நீலப் பொடிக்கட்டம். பட்டன் மாட்டுகிற ஓட்டையைச் சுற்றி நூலால் எடுக்கிற காஜாக்களில், மேலேயிருந்து இரண்டாவது மட்டும் காப்பி நிறம். தீபாவளிக்கு அந்தச் சட்டையைத் தைத்தது நான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோய், "உள்ள போற பட்டன்தானே, யாரு பாக்கப்போறா" என்று அவர் சொன்னதால், அந்த ஒரு காஜாவை மட்டும் காப்பி நிற நூலில் எடுத்தேன்.

அங்கே நின்ற காவலரிடம் "இது எங்க வீட்டுக்காரர்" என்றேன். "அடக்கம் பண்ணியாச்சும்மா. நீங்க ஊருக்குப் போங்க, தகவல் வரும்" என்றார். மூன்று ராத்திரி தூங்காத கண், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் அந்தப் படத்தின் நம்பரைக் குறித்துக்கொள்ளவில்லை. நான் அடையாளம் காட்டினேன் என்று ஒரு வரி எழுதி வாங்கவில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். இவ்வளவு பெரிய தப்பை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. தகவல் வரவே இல்லை. அடுத்த முறை போனபோது அந்தப் பலகையும் இல்லை.

வரும் வழியில் ரோட்டோரம் பழைய துணிகள் மலை மலையாகக் கிடந்தன. எல்லா ஊரிலிருந்தும் லாரி லாரியாக வந்திறங்கியவை, எடுக்க ஆளில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தன. மீனவப் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கும் அடுத்தவர் கழற்றிப் போட்ட ஜாக்கெட் வேண்டியதில்லை, அதுவும் அளவு சேராதது. உதவி செய்ய நினைப்பவர்கள் புது உள்பாவாடை, ஜட்டி, சோப்பு, சமைக்கப் பாத்திரம் கொடுங்கள். முடிந்தால் பணமாகக் கொடுங்கள்.

வேன் டிரைவர் பிழைத்து வந்து சொன்னதை இங்கே சொல்ல வேண்டும். அவர் வண்டியில் படுத்திருந்தவர், சத்தம் கேட்டு லாட்ஜ் மாடிக்கு ஓடியிருக்கிறார். முதலில் வந்த தண்ணீர் முழங்கால், இடுப்பு அளவுதானாம். எங்கள் வீட்டுக்காரரும் மாடிப்படி ஏறிவிட்டார். பிறகு கடல் எங்கேயோ தூரத்துக்கு உள்வாங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து, மணலில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூட்டிவர இறங்கிப் போயிருக்கிறார். அடுத்து வந்ததுதான் பெரியது. கடல் உள்வாங்கினால் ஓடு என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் அது பாதிதான். தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. நம் கரையில் முதலில் ஏறியது, அப்புறம்தான் உள்வாங்கி, மறுபடி வந்தது. கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் கரையை விட்டு உள்ளே ஓடுங்கள், முடியாவிட்டால் கான்கிரீட் கட்டடத்தின் மாடிக்குப் போங்கள். ஒரு அலையோடு முடியாது, பல மணி நேரத்துக்கு அடுத்தடுத்து வரும். அதிகாரிகள் சொல்லும்வரை இறங்காதீர்கள். தரை ஆடினால்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள், அன்று குலுங்கியது எங்கோ, செத்தது இங்கே. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

மதுரையில் எனக்குக் காத்திருந்தது வேறு. உடல் இல்லாமல் காரியம் செய்யலாமா, தாலியைக் கழற்றலாமா என்று சொந்தக்காரர்கள் என் முன்னாலேயே வாதாடினார்கள். "எங்கயாவது ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடந்தா?" என்று பெரியம்மா கேட்டார். காஜா கதையை யாரும் நம்பவில்லை. நான் கண்ணால் பார்த்ததை நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன். பொங்கல் சீசன், தைக்கக் கொடுத்த துணிகள் குவிந்து கிடந்தன. மிஷினில் கால் வைத்தால் நடுங்கியது. வாங்கிய அட்வான்ஸ் 2,600 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அரசு, இறந்தவர் குடும்பத்துக்கு மாநிலத்தின் பங்காக ஒரு லட்சம், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து ஒரு லட்சம் என்று அறிவித்தது. அத்தைக்குச் சான்றிதழ் இருந்தது. ஆனால் வாரிசுச் சான்றிதழில் அத்தையின் பிள்ளைகளாக என் நாத்தனாரும், என் வீட்டுக்காரரும் இருந்தார்கள். அவர் இறந்ததற்கு எழுத்து எதுவும் இல்லை. அதனால் காகிதத்தில் அவர் உயிரோடு இருக்கிறார். "அவரை வரச் சொல்லுங்க, கையெழுத்து வேணும்" என்றார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அழவில்லை, சிரித்துவிட்டேன். அதற்கு அப்புறம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் பணத்துக்காகப் பேசுகிறாள் என்று நான் நினைத்தேன், நான் முட்டுக்கட்டை போடுகிறேன் என்று அவள் நினைத்தாள். ஒன்றரை வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த நேரத்தில் ஒருவர் வந்தார். மதுரையிலேயே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று 5,000 கேட்டார். தையல் மிஷினை அடகு வைத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு ஆளைக் காணோம். இதை யாராவது ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்: இறப்பை, இறந்த ஊரில்தான் பதிய முடியும், சொந்த ஊரில் முடியாது. வேளாங்கண்ணியில் நடந்ததற்கு மதுரையில் எவரும் சான்று தர முடியாது, தருவதாகச் சொல்கிறவர் ஏமாற்றுகிறார். இன்னொன்று, 21 நாளுக்குள் பதிந்தால் செலவே இல்லை. தள்ளிப் போகப் போக அனுமதி, கட்டணம் என்று கூடும், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போகும். உடல் கிடைக்காதவர்களை ஏழு வருஷம் கழித்துத்தான் சட்டம் இறந்தவராக எடுத்துக்கொள்ளும். சுனாமியில் போனவர்களுக்கு, அத்தனை வருஷம் காக்க வைக்காமல் விசாரித்துச் சான்று கொடுக்க அரசு தனி வழி செய்தது. அந்த வழிக்கு வாசல், காணாமல் போனதாகக் கொடுக்கும் புகார். நான் அதையே 2005 ஏப்ரலில்தான் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

பிறகு போட்டோவைத் தேடினேன். இந்த ஆபீஸ், அந்த ஆபீஸ் என்று மாற்றி மாற்றி அனுப்பினார்கள். மதுரைக்கும் நாகைக்கும் பதினொரு தடவை போனேன், சாப்பாட்டோடு ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய் ஆகும். அக்டோபரில் ஒரு அலுவலகத்தில், மழைத்தண்ணீர் பட்டு ஓரம் ஒட்டிக்கொண்ட ஒரு ஆல்பத்தில் அந்தப் படம் கிடைத்தது. அங்கே இருந்த இளவயது அதிகாரி, "காஜாவை வச்சு எப்படிம்மா ஒத்துக்கறது?" என்றார். அடுத்த முறை போகும்போது அதே துணியில் மிஞ்சியதைக் கொண்டுபோனேன். அதில் பாப்பாவுக்கு ஒரு கவுன் தைத்திருந்தேன், அதையும் எடுத்துக்கொண்டேன். அளவு நோட்டில் அவர் பேருக்கு நேரே தேதி போட்டு எழுதியிருந்த அளவையும் காட்டினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தையும் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல், தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுத ஆரம்பித்தார்.

டிரைவர் வாக்குமூலம், வேனில் போன இரண்டு பேர் வாக்குமூலம், எங்கள் ஏரியா வி.ஏ.ஓ. விசாரணை எல்லாம் முடிந்து 2006 பிப்ரவரியில் சான்றிதழ் வந்தது. கவுண்டரிலேயே நின்று படித்தேன். இனிஷியல் தப்பாக இருந்தது. நகராமல் நின்று திருத்தி வாங்கினேன். முன்பிருந்த நானாக இருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன், இன்னொரு ஆறு மாதம் போயிருக்கும்.

பணம் வந்தபோது "ரெண்டு லட்சம் வந்துச்சாமே" என்று தெருவில் விசாரித்தார்கள். பதில் சொல்ல மனசு வரவில்லை. மிஷினை மீட்டேன், மிச்சத்தைப் பாப்பா பேரில் போட்டேன். நாத்தனார் ஒரு நாள் அவளாகவே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அத்தையின் காதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கிறது. எல்லாருடைய போட்டோ, ரேஷன் கார்டு, ஆதார் நகல், அங்க அடையாளம், ரத்த வகை, பாங்க் நம்பர், யாரை நாமினியாகப் போட்டிருக்கிறோம் என்ற குறிப்பு. இன்னொரு செட் என் தம்பி வீட்டில் இருக்கிறது. வெளியூர் போகும்போது ஒரிஜினல் எதையும் எடுத்துப் போவதில்லை. அன்று அத்தை இடுப்பில் சொருகியிருந்த பையில் எங்கள் ரேஷன் கார்டு போனது. புது கார்டுக்கு அலைந்த கதை தனி.

திருமங்கலத்துப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். தனியாகப் போகாதே, நீ அழும்போது எழுத ஒரு ஆள் வேண்டும். நீ பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் நம்பர் இருக்கும், குறித்துக்கொள். எழுத்தில் ஒன்று கையில் வராமல் அந்த ஊரை விட்டுக் கிளம்பாதே. பத்து நாள் கழித்து அவள் மறுபடி கூப்பிட்டாள். மாமா கிடைத்துவிட்டார், அக்கா கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் நம்பர் போட்டு அடக்கம் செய்திருக்கிறார்களாம்.

"டி.என்.ஏ.வுக்கு ரத்தம் குடுத்துட்டியா?"

"குடுத்தாச்சுக்கா."

"சீட்டு?"

"கையிலதான் வச்சிருக்கேன். நம்பர் படிக்கட்டுமா?"

படி என்றேன். அவள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். நான் பக்கத்தில் கிடந்த அளவு நோட்டைத் திறந்து, தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.